எண்ணெய் வேஸ்ட்டில் எரிந்த சொக்கப்பனை

என் மாமன் கையைச் சுட்டது சாமி அல்ல முதலாளி, நீங்கள்தான்.

கார்த்திகையன்று கோயில் வாசலில் கொளுத்தும் தீக்குச் சொக்கப்பனை என்று பெயர். சொக்கனுக்கு உரிய பனை என்பார் பூசாரி. சொர்க்கப்பனை என்பாரும் உண்டு. காய்ந்த என்று பொருள்படும் வடசொல் பனையோடு சேர்ந்து இப்படித் திரிந்தது என்றார் எங்கள் வாத்தியார். எதுவாகவும் இருக்கட்டும், மூன்றிலும் பனை இருக்கிறது. பனைமரத்தை நட்டு, ஓலை சுற்றிக் கட்டிக் கொளுத்துவோம். அந்தக் கரியை நெற்றியில் பூசுவோம், சோளக்காட்டில் தூவுவோம். அதனால் அதில் வேறெதையும் சேர்ப்பதில்லை.

வருடாவருடம் விரதமிருந்து தீ வைத்தவர் என் மாமன். அறுபதுகளில் ஒரு கார்த்திகைக்கு நீங்கள் செலவை ஏற்றுக்கொண்டு, உங்கள் பனியன் கம்பெனியிலிருந்து ஒரு வண்டி வேஸ்ட் அனுப்பினீர்கள். அங்கே தையல்காரனான எனக்கு அது என்னவென்று தெரியும். மிஷின் எண்ணெயைத் துடைத்து, வெற்றிலை எச்சிலையும் துப்பி நாங்கள் மூலையில் வீசிய துணி.

"ஏனுங்க, ஓலை இருக்கறப்ப இந்த நாத்தம் எதுக்குங்க?" என்றார் மாமன்.

"அவிநாசி வரைக்கும் வெளிச்சம் தெரியோணுமப்பா. உன்ற ஓலை பீடி பத்த வெக்கத்தான் ஆகும்" என்றீர்கள். கூட்டம் சிரித்தது. உங்கள் ஆட்கள் ஓலைக்குள் வேஸ்ட்டைத் திணித்தார்கள்.

மாமன் பந்தத்தை நீட்டியதும் குப்பென்று பற்றியது. எண்ணெய்த் துணி ஒன்று எரிந்தபடியே அவர் கைமேல் விழுந்து ஒட்டிக்கொண்டது. உதறினாலும் போகவில்லை. தோலோடுதான் வந்தது. அந்தப் பிசுக்குக் கரியையும் சனம் நெற்றியில் பூசிக்கொண்டது. நான் பூசவில்லை.

மறுநாள் கோயில் கூட்டத்தில் என்ன சொன்னீர்கள்? "கறி தின்னுட்டு வந்து தீ வெச்சானுங்க. சாமி கேட்டுருச்சு."

பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வந்தவர் அவர். விரல்கள் மடங்கிப்போனதை அவர் பொறுத்துக்கொண்டார். சாமி குத்தம் பட்டவன் என்று சொல்லி நல்லது கெட்டதுக்கு யாரும் கூப்பிடாமல் போனதுதான் அவரைத் தின்றது. அந்தப் பெயரோடேயே செத்தார்.

தள்ளாத வயதிலும் நீங்கள் இன்னும் இருக்கிறீர்கள். வருகிற கார்த்திகைக்கும் முன்வரிசை நாற்காலி உங்களுக்குத்தான். தீ வைப்பதற்கு முன் எழுந்து, அதே வாசலில், ஊர் கேட்கச் சொல்லுங்கள்: அந்த வேஸ்ட் யாருடையது?