மலைப்பாதையில் நான் பார்த்த தண்ணீர்ப் பந்தல்

1999-ஆம் வருடம், மார்ச் மாதம். அப்போது நாங்கள் டெக்சஸில், ரிச்சர்ட்சனில் குடியிருந்தோம். என் கணவருக்கு ஒரு டெலிகாம் கம்பெனியில் வேலை. அவர் வேலைக்கான எச்-ஒன் விசா, நான் அவரைச் சார்ந்த எச்-ஃபோர் விசா. ஒன்றேகால் வயது மகள் மட்டும் அமெரிக்க பாஸ்போர்ட். வீட்டில் பெரிய ஆள் அவள்தான் என்று அவர் கிண்டல் செய்வார்.

அந்த வருடம் கம்பெனி அவரை ஆறு வாரத்துக்கு அர்ஜென்டினாவில் உள்ள மெண்டோசா நகரத்துக்கு அனுப்பியது. அங்கே ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் புதிய கருவிகள் பொருத்தும் வேலை. கடைசி வாரம் நானும் மகளைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். வேலை முடிந்ததும் ஒரு காரை வாடகைக்கு எடுத்து, ஆண்டீஸ் மலைப் பள்ளத்தாக்குகள் வழியாக மூன்று நாள் சுற்றிவிட்டு வரலாம் என்று திட்டம். பனிச் சிகரங்களுக்குக் கீழே பச்சைப் பசேலென்று திராட்சைத் தோட்டம் இருக்கும் ஒரு போட்டோவை அவர் ஏற்கெனவே எனக்கு அனுப்பியிருந்தார். ரிச்சர்ட்சன் நண்பர்கள், "நயாகரா இருக்கு, கிராண்ட் கேன்யன் இருக்கு, கைக்குழந்தைய வெச்சிக்கிட்டு அங்க எதுக்கு?" என்று கேட்டார்கள். அந்த போட்டோவைப் பார்த்த பிறகு நான் யார் பேச்சையும் கேட்பதாக இல்லை.

வாடகைக்குக் கிடைத்தது கியர் போட்டு ஓட்டும் பழைய கார். எனக்கு ஆட்டோமேட்டிக் மட்டும்தான் ஓட்டத் தெரியும். அதனால் அவர் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்லும் வேலை எனக்கு.

முதல் நாள் காலையிலேயே கிளம்பிவிட்டோம். மலை ஏற ஏற வளைவுக்கு மேல் வளைவு. காது அடைத்துக்கொண்டது. மூன்றாவது வளைவிலேயே மகள் வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். கொடுத்த பால், தண்ணீர் எதுவும் நிற்கவில்லை. மேலே போனால் சரியாகிவிடும், இறங்கினால் சரியாகிவிடும் என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே போனோம். வழியில் ஒரு சிறிய ஊர் வந்தது. அவள் அப்போதுதான் தூங்கியிருந்ததால், நிறுத்தினால் எழுந்துவிடுவாள் என்று நான்தான் நிறுத்த வேண்டாம் என்றேன். டாலஸ் பக்கம் ஓட்டிப் பழகியவர்களுக்கு, அடுத்த எக்ஸிட்டில் ஒரு கேஸ் ஸ்டேஷன், அதாவது பெட்ரோல் பங்க், இருக்கும் என்பது ரத்தத்தில் ஊறிவிட்டது. அந்த ஊருக்குப் பிறகு எக்ஸிட்டும் இல்லை, கேஸ் ஸ்டேஷனும் இல்லை, தார் ரோடும் இல்லை. இரண்டு பக்கமும் மொட்டை மலை, நடுவில் புழுதி பறக்கும் கப்பிச் சாலை.

நடுப்பகலில் பானட்டிலிருந்து புகை கிளம்பியது. ரேடியேட்டர் குழாய் விரிசல் விட்டிருந்தது. அவர் பதறிப்போய், ஆறும்வரை காத்திருந்து, கையில் இருந்த பெரிய பாட்டில் தண்ணீரை முழுக்க உள்ளே ஊற்றிவிட்டார். இன்னொரு பாட்டிலை ஏற்கெனவே நான் வாந்தித் துணிகளை அலசுவதற்குக் காலி செய்திருந்தேன். வண்டி கொஞ்ச தூரம் ஓடியது, மறுபடியும் புகை, மறுபடியும் நின்றது. ஊருக்கெல்லாம் போன் வேலை செய்ய வைக்கிறவர் கையில் அன்று ஒரு போன் இல்லை. அதைச் சொல்லிக் காட்டவும் தவறவில்லை நான்.

சண்டை போட்டுக்கொண்டிருந்தபோதுதான் மகளைத் திரும்பிப் பார்த்தேன். உதடு வெடித்து வெளுத்திருந்தது. காலையில் கட்டிய டயப்பர் காய்ந்தே இருந்தது. சிணுங்கினாள், ஆனால் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அவளை வாரி மடியில் போட்டுக்கொண்டேன். ஒரு மணி நேரமாக அந்தச் சாலையில் ஒரு வண்டிகூட வரவில்லை.

அப்போது, நூறடி தூரத்தில் சாலையோரமாக ஏதோ பளபளத்தது. போய்ப் பார்த்தேன். முழங்கால் உயரத்துக்குச் செங்கல்லால் கட்டிய ஒரு சின்னக் கோயில். அதைச் சுற்றி வரிசை வரிசையாகத் தண்ணீர் பாட்டில்கள். சில வெயிலில் மங்கிப் போயிருந்தன, சிலது மூடியே திறக்காத புதுசு. பக்கத்தில் பழைய டயர்கள், கார் நம்பர் பிளேட்டுகள்.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. சித்திரை பிறந்தால் எங்கள் கடைத்தெருவில் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். டம்ளரைச் சங்கிலியில் கட்டி வைத்திருப்பார்கள், போகிற வருகிறவர்கள் யாரையும் கேட்காமல் குடித்துவிட்டுப் போவார்கள். அதனால் அந்த பாட்டில்களைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. டயர் வேறு கிடக்கிறது, வண்டிக்காரர்களுக்காகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அவர் தயங்கினார். "யாரோடதோ என்னவோ. கேக்காம எப்படி எடுக்கறது?"

"தண்ணிப் பந்தல்ல யார்கிட்டங்க கேப்பாங்க? இங்கயும் புண்ணியவான்க இருக்காங்க. எடுத்து ஊத்துங்க" என்றேன்.

எதற்கும் இருக்கட்டும் என்று கோயிலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். உள்ளே என்ன சாமி என்றுகூடக் குனிந்து பார்க்கவில்லை. புதிய பாட்டில் ஒன்றைத் திறந்து, பையிலிருந்த சர்க்கரையையும் ஒரு சிட்டிகை உப்பையும் கலந்து, மகளுக்கு ஸ்பூனால் சொட்டுச் சொட்டாகக் கொடுக்க ஆரம்பித்தேன். முதல் ஸ்பூன் வெளியே வந்துவிட்டது. இரண்டாவது நின்றது. மூன்றாவது ஸ்பூனுக்கு அவளே வாயைத் திறந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதற்குள் குழாயில் துணியைச் சுற்றிக் கட்டிவிட்டு, பழைய பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து ரேடியேட்டரில் ஊற்றிக்கொண்டிருந்தார். காலி பாட்டில்கள் அவர் காலடியில் உருண்டுகொண்டிருந்தன.

அந்த நேரம் பார்த்து ஒரு பிக்கப் டிரக் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் ஒரு ஆள், பக்கத்தில் அவர் மனைவி. இரண்டு பேருக்கும் எங்கள் வயதுதான் இருக்கும். அந்தப் பெண் கையில் ஒரு புது தண்ணீர் பாட்டிலோடு இறங்கினாள். எங்களுக்குத்தான் கொண்டு வருகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் எங்களைத் தாண்டி நேராகக் கோயிலுக்குப் போனாள். பாட்டில்கள் இருந்த இடம் காலியாக இருப்பதைப் பார்த்தாள். திரும்பி, என் கணவர் கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கில் நாங்கள் ஏதோ செய்யக்கூடாததைச் செய்துவிட்டோம் என்று புரிந்துபோயிற்று.

என் கணவருக்குத் தெரிந்த ஸ்பானிஷ், ஆறு வாரத்தில் எக்ஸ்சேஞ்சில் கற்றுக்கொண்டதுதான். அதை வைத்து என்னவோ கேட்டார். அவள் கோயிலின் உள்ளே கையைக் காட்டினாள். அப்போதுதான் நான் குனிந்து பார்த்தேன். மண்ணால் செய்த ஒரு பெண் உருவம், மல்லாந்து படுத்திருந்தது. மார்பில் ஒரு குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. அவள் நிதானமாகச் சொல்லச் சொல்ல, அவர் எனக்குத் தமிழில் சொன்னார்.

"ரொம்ப வருஷம் முன்னால நடந்ததாம். இந்தம்மா கைக்குழந்தையோட பாலைவனத்தைக் கடந்து போயிருக்காங்க. வழியில தண்ணி கிடைக்காம செத்துட்டாங்க. ஆளுங்க வந்து பாத்தப்போ குழந்த மட்டும் உயிரோட பால் குடிச்சிட்டிருந்துதாம்." கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தார். "அவங்க தாகத்துக்குத்தான் எல்லாரும் தண்ணி வெக்கறாங்க."

அந்த டயர்கள்கூட வண்டிக்காரர்கள் வேண்டிக்கொண்டு வைத்தவைதானாம். தண்ணீர் இல்லாமல் செத்த ஒரு தாய்க்கு வைத்த தண்ணீரை எடுத்து, நான் கார் ரேடியேட்டரில் ஊற்ற வைத்திருக்கிறேன். மடியில் மகளை வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணைப் பார்த்துக் கை கூப்பினேன். மன்னிப்புக் கேட்க அதைவிட எனக்கு வேறு பாஷை தெரியவில்லை.

அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மகளின் உதட்டைப் பார்த்தாள், நெற்றியில் கை வைத்தாள், என் கையிலிருந்த ஸ்பூனைப் பார்த்தாள். பிறகு, கோயிலில் வைக்கக் கொண்டு வந்த பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து என்னிடம் நீட்டினாள். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவள் விடவில்லை. அந்த மண் உருவத்தைக் காட்டி, என் மகளைக் காட்டி, ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். என்ன சொன்னாள் என்று அவரிடம் கேட்டேன்.

"இந்தம்மாவும் ஒரு தாய்தானே, கோச்சுக்க மாட்டாங்கன்னு சொல்றாங்க."

அவள் கணவர் பழைய ட்யூப் ரப்பரை அறுத்துக் குழாயில் இறுக்கிக் கட்டினார். அவர்கள் வண்டி முன்னால் மெதுவாகப் போக, எங்களைப் பின்னாலேயே வர வைத்து, தங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பள்ளத்தாக்கின் அடியில், நெட்டை நெட்டையான மரங்களுக்கு நடுவே ஒரு திராட்சைத் தோட்டம். அறுவடை நேரம். தோட்டத்துக்குள் ஒரு கை அகல வாய்க்காலில் மலைப்பனி உருகிய தண்ணீர் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. போட்டோவில் பார்த்ததைவிட அழகாக இருந்தது, ஆனால் அன்று மாலை நான் பார்த்ததெல்லாம் மகளின் டயப்பர் நனைந்துவிட்டதா என்பதைத்தான். நனைந்திருந்தது. வாழ்க்கையில் ஒரு ஈர டயப்பருக்காக அவ்வளவு சந்தோஷப்பட்டது நானாகத்தான் இருப்பேன்.

அவர்களுக்கும் ஒரு மகள் இருந்தாள், இரண்டு வயது. போன மாதம் காய்ச்சலில் விழுந்து பிழைத்தவளாம். அன்று கோயிலுக்குக் கொண்டு வந்த பாட்டில் அவளுக்காக வேண்டிக்கொண்டதாம். அதைக் கேட்டபோது என்னால் சாப்பாட்டைத் தொடர முடியவில்லை. அந்தப் பெண் என் தட்டில் இன்னொரு ரொட்டியை வைத்துவிட்டு, சாப்பிடு என்று கண்ணால் அதட்டினாள்.

சுற்றுலாத் திட்டத்தையெல்லாம் மூட்டை கட்டிவிட்டு, இரண்டு நாளும் அங்கேயே இருந்தோம். மூன்றாம் நாள் அதே சாலையில் திரும்பினோம். காலி பாட்டில்களை நாங்கள் விட்டுவிட்டு வரவில்லை. எல்லாவற்றையும் கழுவி, அந்த வாய்க்காலில் நிரப்பி, டிக்கியில் அடுக்கி வைத்திருந்தார் என் கணவர்.

கோயிலுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி பாட்டில்களைப் பழையபடி வரிசையாக வைத்தோம். என்ன சொல்லிக் கும்பிடுவது என்று தெரியவில்லை. "மன்னிச்சுக்கோ தாயி, உனக்கு வெச்ச தண்ணிதான் என் பிள்ளையக் காப்பாத்துச்சு" என்று கோவில்பட்டித் தமிழிலேயே சொன்னேன்.

நிமிர்ந்து பார்த்தால் மகளைக் காணோம். கோயிலின் வாசலில் உட்கார்ந்திருந்தாள். கையில் அவளுடைய சின்னப் பால் பாட்டில். இரண்டு நாளாக நான் அவளுக்கு ஸ்பூனால் ஊட்டியதைப் போலவே, "ங்கா, ங்கா" என்று சொல்லிக்கொண்டு, அந்த மண் தாயின் வாயில் பாட்டிலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அவர் அவளைத் தூக்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

ரிச்சர்ட்சன் திரும்பிய பிறகு, எங்கள் கார் டிக்கியில் எப்போதும் ஒரு பாட்டில் தண்ணீர் திறக்காமல் இருக்கும். ஆகஸ்ட் வெயிலில் ஃப்ரீவே ஓரம் பானட்டைத் திறந்து வைத்து நிற்கிறவர்களைப் பார்த்தால் என் கணவர் கேட்காமலேயே வண்டியை ஓரம் கட்டுவார். எத்தனையோ முறை அந்த பாட்டில் கைமாறிப் போயிருக்கிறது, அன்றைக்கே வேறொன்று அந்த இடத்துக்கு வந்துவிடும். அவ்வளவு பெரிய தப்பைச் செய்துவிட்டோமே என்று இன்றும் வெட்கமாகத்தான் இருக்கிறது; ஆனாலும் என் மகளின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், அதைத் தண்ணீர்ப் பந்தல் என்று நான் சொன்னது தப்பு என்று மட்டும் என்னால் முழு மனதோடு ஒப்புக்கொள்ள முடியவில்லை.