தறி நின்ற நாளில் அத்தை பேசியது

நான் பள்ளிக்கூடம் போனது ஆறு மாதம். அதிலும் பாதி நாள் தறிக்கு நூல் தார் சுற்ற வேண்டுமென்று வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார்கள். காகிதத்தில் இருப்பதை இன்றும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறேன். ஆனால் மனிதர் உதட்டில் இருப்பதை ஏழு வயதிலேயே தடங்கலில்லாமல் படித்தேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய்.

ஆந்திர எல்லையில் இருக்கிற நகரியில் எங்கள் வீட்டின் முன்பாதி முழுக்க நான்கு பவர்லூம் தறிகள். அவை ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அதனால் உதட்டை மட்டும் அசைப்போம், மிச்சத்தைக் கை சொல்லும். இரண்டு விரலை ஒட்டிப் பிரித்தால் நூல் அறுந்துவிட்டது. ஐந்து விரலையும் குவித்து வாய்க்குக் கொண்டுபோனால் 'சோறு துன்ன வா.' குரல் எடுத்தே ஆகவேண்டும் என்றால் அடிவயிற்றிலிருந்து எடுப்போம். தறி நின்ற பிறகும் அந்தக் குரல் இறங்காது. அதனால் வரன் தட்டிப்போனவள் என் அத்தை, நைனாவின் தங்கை.

அவளைப் பெண் பார்க்க முதலில் வந்தவர்களிடம், "காப்பிக்குச் சக்கரை போதுமா?" என்று அன்பாகத்தான் கேட்டாள். மாப்பிள்ளையின் தாத்தா டம்ளரை மடியில் கவிழ்த்துக்கொண்டார். பெண் சண்டைக்காரி என்று சொல்லி அனுப்பினார்கள். இரண்டாவதாக வந்தவர்கள் அதுகூடச் சொல்லி அனுப்பவில்லை.

மூன்றாவது இடம் பிச்சாட்டூர். ஏரித் தண்ணீரில் நெல் போடுகிற, மெதுவாகப் பேசுகிற குடும்பம். அந்த மாப்பிள்ளையின் போட்டோ தார்க்கூடைக்கு அடியில் இருந்தது எனக்கு மட்டும் தெரியும். தார் மாற்றும் சாக்கில் அத்தை கூடையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பாள்.

அவர்கள் வருகிற அன்று நைனா தறிகளை நிறுத்தினார்.

"இன்னிக்கி நீ வாயே தொறக்காத. அவங்க இன்னா கேட்டாலும் தலைய ஆட்டு, போதும். இதுவும் போச்சுன்னா அப்பறம் யாரு வருவாங்க?"

"சரிண்ணா" என்றாள் அத்தை. பக்கத்து வீட்டு நாய் எழுந்து நின்றது.

வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டு அத்தை சமையலறை வாசற்படியில் போய் நின்றாள். நான் கூடத்துச் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். "சமைக்கத் தெரியுமா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். அத்தை தலையாட்டினாள். "பேரு இன்னாம்மா?" என்று கேட்டதற்கும் தலையையே ஆட்டினாள்.

அந்த அம்மா தன் தங்கை பக்கம் திரும்பித் தெலுங்கில் கிசுகிசுத்தார். எங்கள் பக்கத்தில் ரகசியம் என்றால் தெலுங்குக்குத் தாவுவார்கள். எல்லாருக்கும் தெலுங்கு தெரியும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் அது ஒரு மரியாதை.

'இன்னா சொல்றாங்க?' என்று அத்தை எனக்கு உதட்டை அசைத்தாள்.

படித்துவிட்டேன். 'மூக பில்லேமோ.' ஊமைப் பெண்ணோ என்கிறார். விரலால் வாயைப் பூட்டிக் காட்டி அத்தைக்குச் சொன்னேன். 'யாரு, நானா?' என்று அவள் இரண்டு கையையும் விரித்தாள். 'நீதான்' என்று கையால் சொன்னேன். சும்மா இருங்கள் என்று என் அம்மா அடுப்படியிலிருந்து கை வீசினாள். நைனா, விருந்தாளிகள் காதில் விழக்கூடாதே என்று, எங்கள் மூன்று பேரையும் சேர்த்துச் சத்தமில்லாமல் இரண்டு கையாலும் திட்டினார்.

பிச்சாட்டூர்க்காரர்கள் தலையை அங்கேயும் இங்கேயும் திருப்பிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா காப்பியைக் கீழே வைத்துவிட்டு, இந்தத் தடவை மரியாதையெல்லாம் பார்க்காமல் தமிழிலேயே தங்கையிடம் முணுமுணுத்தார். "வூடே ஊமைங்கடி. எந்திரி, போலாம்."

அதையும் நேர்மையாக அத்தைக்குச் சொல்லிவிட்டேன்.

அத்தை ஓரடி முன்னால் வந்தாள்.

"நான் ஊமை இல்ல. தறி ஓடிக்கினு இருக்கும், அதனால கைல பேசுவோம். வாயும் கீது. காப்பி ஆறிப்போவுது, குடிங்க."

தட்டிலிருந்த வடை அசைந்ததாக அம்மா பிறகு சொல்வாள். தெருவில் போன சைக்கிள் ஒன்று நின்றது. நைனா கண்ணை மூடிக்கொண்டார். மாப்பிள்ளையின் அம்மா காப்பியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். குடிக்காமல் இருக்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை என்று நினைக்கிறேன்.

அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை அப்போதுதான் தலையைத் தூக்கினார். அத்தையைப் பார்த்து, எங்கள் வீட்டு ஆள் மாதிரியே, குரல் இல்லாமல் உதட்டை மட்டும் நிதானமாக அசைத்தார். படித்தேன். 'இன்னொரு தபா சொல்லு.'

 அந்தக் குரலே இவருக்கு எட்டவில்லையா? குடும்பத்தின் நன்மைக்காக எழுந்து நின்று, அடிவயிற்றிலிருந்து எடுத்தேன்.

"நைனா, மாப்பிள்ளைக்குக் காது கேக்கல."

அத்தை சிரித்தாள். மாப்பிள்ளையும் சிரித்தார். பெரியவர்கள் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. தை மாதம் கல்யாணம். எல்லாரும் அட்சதை போட்டுக்கொண்டிருக்க, எங்கள் அத்தையை இப்படிப்பட்டவருக்கா கொடுக்கிறார்கள் என்று மாப்பிள்ளையின் காதையே பார்த்து அழுதுகொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். நன்றாகக் காதில் விழுந்ததையே ஒருவர் இன்னொரு தரம் கேட்க ஆசைப்படுவார் என்று அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.