கலந்தரின் மாப்பிள்ளைத் தூண்டில்

1927ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளைக்கு முதல் நாள், மன்னார்க் கடற்கரையில் உள்ள கீரியில், கலந்தரின் தையற்கடையில் தைக்கக் கொடுக்கப்பட்டிருந்த சட்டைகள் இருபத்தேழு. தைத்து முடிந்தவை பதினொன்று. அந்த நோன்பு மாதத்தில் கலந்தர் பிடித்த மீன்கள் நாற்பத்திரண்டு.

மீன்களை எண்ணி வைத்திருந்தது கலந்தர் அல்ல, அவருடைய மனைவி நசீறா. சட்டைகளை எண்ணியதும் அவர்தான்.

கலந்தருக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. தகப்பன் விட்டுப்போன தையல் மெஷினும் கத்தரிக்கோலும் தொழில். கீரியில் மீன் பிடித்தவர்கள் எல்லாரும் பிழைப்புக்காகப் பிடித்தார்கள். கலந்தர் மட்டும் நூல் விரலில் இழுபடும் அந்த ஒரு நொடிக்காகப் பிடித்தார். அதைவிட மோசம், அவர் மீன் சாப்பிடுவதில்லை. சின்ன வயதில் ஒரு முள் தொண்டையில் நின்ற பயம். ஆட்டிறைச்சிதான் இறங்கும். பிடித்த மீனை வழியில் எதிர்ப்படுபவர் கையில் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு, ஆனால் முகமெல்லாம் சிரிப்பாக வீட்டுக்கு வருவார்.

அளவெடுக்கும்போதே அவர் கண் வெளியே தென்னோலையைப் பார்க்கும், காற்று எந்தப் பக்கம் என்று. ஒருமுறை அரசாங்கக் கச்சேரி எழுதுவினைஞர் ஒருவரின் கழுத்தைச் சுற்றி நாடாவைப் போட்டவர், "ஒரு நிமிஷம் நில்லுங்கோ" என்று வெளியே போனார். அந்த மனிதர் மூச்சை அடக்கிக்கொண்டு அரை மணித்தியாலம் நின்றார். கலந்தர் வரும்போது கையில் ஒரு சீலா மீன். அதை அவரிடமே கொடுத்து அனுப்பிவைத்தார். சட்டை மூன்று மாதம் கழித்து வந்தது.

பெருநாளைக்கு முதல் நாள் பின்னேரம் கடை வாசலில் கூட்டம். பாதிக் கதவுக்குப் பின்னால் நின்று நசீறா பதில் சொன்னார்.

"கலந்தர் எங்க?"

"அஸர் தொழப் போனவர்."

"அஸர் தொழுதுபோட்டுத்தான் நாங்களே வாறம்."

"அப்ப வழியில நிக்கிறார்."

வழியில் நிற்கவில்லை. இடுப்பளவு கடலில் நின்றார். கூட்டத்திலிருந்து தேடிப் போன ஒருவர் கரையில் நின்று கூப்பிட்டபோது, கலந்தர் திரும்பாமலே கையைக் காட்டினார்.

"மெதுவாக் கதையுங்கோ. மீன் தட்டுது."

"என்ர சட்டை என்ன மாதிரி?"

"முடிஞ்சுது. கைதான் மிச்சம்."

"எந்தக் கை?"

"ரெண்டும்."

மறுநாள் பள்ளிவாசலில் பதினாறு பேர் பழைய சட்டையோடு தொழ வந்தார்கள். வேளைக்கே வந்து முன்வரிசையில் இடம் பிடித்திருந்த கலந்தர், தனக்கு இரண்டு பக்கமும் வந்து நின்ற பழைய சட்டைகளைப் பார்த்துவிட்டுக் கடைசி வரிசைக்குப் போனார்.

பெருநாள் சாப்பாடு முடிந்ததும் நசீறா ஒரு பிஸ்கற் தகரத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். அதற்குள்தான் கலந்தரின் தூண்டில்களும் நூலும் ஈயக் குண்டுகளும் இருந்தன.

"இஞ்சருங்கோ. இந்த வாசலுக்கு வாறவன் எல்லாரும் ஏசத்தான் வாறான். பன்னிரண்டு வருசமா உங்களுக்குப் பதிலா நான்தான் ஏச்சு வாங்கிறன்."

"கச்சேரியில இருக்கிற வெள்ளைக்காரத் துரையும்தான் தூண்டில் போடுறார். அவரை ஆராவது ஏசுறாங்களா?"

"துரை ஆரின்ர பெருநாள் சட்டையை வச்சுக்கொண்டு தூண்டில் போடுறார்?"

கலந்தர் தகரத்தின் மூடியைத் திறந்து, திரும்ப மூடினார்.

"ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் தவணை தாறன்," என்றார் நசீறா. "அதுக்குள்ள இந்தத் தூண்டிலால ஒரு தொழில் நடக்கவேணும். ஏசுறதுக்கு இல்லாமல், உங்களைத் தேடி நாலு பேர் இந்த வாசலுக்கு வரவேணும். வராட்டி இந்தத் தகரம் அம்புறோசுக்குப் போகும். நீங்கள் மெஷினில இருங்கோ."

அம்புறோஸ் வங்காலைக்காரர், கிறிஸ்தவர். அந்தப் பருவத்தில் கீரிக் கரையில் வள்ளம் வைத்துத் தொழில் செய்துகொண்டிருந்தார். கலந்தரின் தகரத்தின் மேல் அவருக்கு நெடுநாளாகவே ஒரு கண்.

கலந்தருக்கு இரண்டு மாதத்துக்குச் சற்று அதிகமான அவகாசம். முதலில் மீனை விற்றுப் பார்த்தார். பக்கத்து வீட்டு நூர்ஜஹானிடம் ஒரு பாரை மீனைக் காட்டி விலை சொன்னார். நூர்ஜஹான் மீனைப் பார்க்கவில்லை, இவரைப் பார்த்தார்.

"நேற்று வரைக்கும் சும்மா தந்தனீங்கள். நான் உங்களுக்கு என்ன பிழை விட்டனான்?"

கலந்தர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அந்தப் பாரையைக் கொடுத்தார். மனம் ஆறாமல் மறுநாள் அதைவிடப் பெரிய ஒன்றையும் கொண்டுபோய்க் கொடுத்தார். மீன் வியாபாரம் அத்தோடு முடிந்தது.

அந்தக் கிழமைதான் மர்சூக் முதலாளி கடைக்கு வந்தார். மன்னார் பசாரில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர், நாற்பது வயதில் கலியாணம் செய்யத் துணிந்தவர். இந்தியாவிலிருந்து கப்பலில் வந்து தலைமன்னாரில் இறங்கிய பச்சைப் பட்டு ஒன்றை கையில் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு வந்தார். சரிகை மின்னியது.

"முழங்காலுக்குக் கீழ வரவேணும் கலந்தர். இன்னொரு கலியாணம் நான் செய்யப்போறதில்லை. இந்தக் கோட்டு மறக்கேலாத மாதிரி இருக்கவேணும்."

வெட்டும்போது விழும் துண்டு தையற்காரனுக்கு. இது ஊர் வழக்கம், யாரும் கேட்பதில்லை. கலந்தர் அந்தத் துண்டுகளைத் துண்டுப் பெட்டியில் போட்டார். மறுநாள் அம்புறோசின் வள்ளத்தில் ஏறிப் போனபோது சட்டைப் பையில் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

அன்று கலந்தர் கொண்டுபோன இரை முடிந்துபோனது. கலந்தருக்கு ஒரு யோசனை வந்தது. முன்பு துரையின் காற்சட்டைக்கு அளவெடுக்கப் போனபோது, மேசையில் இறகு கட்டிய தூண்டில்களை அவர் பார்த்திருக்கிறார். ஒரு தூண்டில் முள்ளை எடுத்தார். சரிகைத் துண்டை வள்ளத்தில் கிடந்த கோழியிறகோடு சேர்த்துச் சுற்றி, பொத்தான் தைக்கும் நூலால் இறுக்கிக் கட்டினார். பாய் விரித்து ஓடும் வள்ளத்தின் பின்னால் அதை விட்டார்.

கலந்தரை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் அம்புறோஸ் சிரித்தார். "காக்கா, மீனுக்குக் கோட்டுத் தைக்கிறீங்களா?"

அவர் வாயை மூடுவதற்குள் நூல் கலந்தரின் விரலை அறுத்துக்கொண்டு ஓடியது. வள்ளத்துக்குள் வந்து விழுந்தது ஒரு கை நீள அறுக்குளா மீன். கரைக்கு வருவதற்குள் இன்னும் நான்கு. உயிருள்ள இரை போட்டிருந்த அம்புறோசுக்கு ஒன்றும் இல்லை.

கரையில் இறங்கும்போது அம்புறோஸ் மிகவும் மரியாதையாகக் கேட்டார். "அதில ரெண்டு எனக்கும் கட்டித் தருவீங்களோ? சும்மா வேண்டாம்."

சும்மா வேண்டாம் என்று ஒருவர் கலந்தரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஒரு கிழமைக்குள் கீரிக் கரை முழுவதும் கதை பரவியது. அந்தப் பொய்யிரைக்குப் பெயரும் வந்துவிட்டது: மாப்பிள்ளை. கடலில் விட்டால் தானாகவே ஊர்வலம் போகிறதாம், மீன்கள் பின்னால் வருகின்றனவாம். ஆனால் எல்லாருக்கும் முதலாளியின் கலியாணக் கோட்டுத் துணியில்தான் வேண்டும். கலந்தர் வேறொரு பச்சைத் துணியில் கட்டிக் கொடுத்துப் பார்த்தார். அம்புறோஸ் அதைத் திருப்பித் தந்தார்.

"இது தலையணைத் துணி, காக்கா. தலையணைக்குப் பின்னால ஆர் போவான்?"

மினுக்கம்தான் மீனை இழுக்கிறது, கலியாணம் அல்ல என்று கலந்தர் விளக்கினார். ஒருவரும் கேட்கவில்லை. பொய்யிரை வேண்டுமென்றவர்கள் கடற்கரையிலேயே காத்து நின்றார்கள், வாசலுக்கு வரவில்லை. நசீறாவின் தவணை ஓடிக்கொண்டிருந்தது. துண்டுப் பெட்டி வெறுமையாகிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் கலந்தர் கோட்டைப் பார்த்தார். உள்மடிப்பில் இரண்டு விரற்கடை சும்மா கிடந்தது. அதை ஒருவரும் காணப்போவதில்லை. வெட்டினார். பிறகு விளிம்பில் கொஞ்சம். அது ஒருபக்கம் கோணலாகிவிட்டதால் நேராக்குவதற்கு இன்னும் கொஞ்சம்.

முதல் முறை போட்டுப் பார்த்தபோது கோட்டு முழங்காலுக்குக் கீழே நின்றது. இரண்டாம் முறை முழங்காலில். மூன்றாம் முறை முழங்கால் சில்லு தெரிந்தது. மர்சூக் முதலாளி கண்ணாடியில் முன்னும் பின்னும் பார்த்தார்.

"கலந்தர், நான் வளருறனா?"

"கலியாணக் களை, முதலாளி. ஆள் நிமிர்ந்திட்டீங்கள்."

முதலாளி நெஞ்சை நிமிர்த்தினார். கோட்டு இன்னும் அரை விரல் மேலே ஏறியது.

முதலாளி கோட்டைக் கழற்றிவிட்டுப் போனதும், பாதிக் கதவுக்குப் பின்னால் நின்ற நசீறா முன்னுக்கு வந்தார். கோட்டை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகினார். "இனி இதில உங்கட கை படக்கூடாது. மிச்சத்தை நான் தைக்கிறன்."

கலந்தர் பயந்துபோனார். ஆனால் மறுநாள் துண்டுப் பெட்டியைத் திறந்தால், பச்சைப் பட்டுத் துண்டுகள் கிடந்தன. அதற்கு மறுநாளும். எடுக்க எடுக்கக் குறையவில்லை. கடலுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் முன்னையதைவிடக் கூட இருந்தது. இது அல்லாஹ் பெருகவைத்த பறக்கத் என்று கலந்தர் முடிவு செய்தார். அப்படி நம்புவது வசதியாகவும் இருந்தது. அடுத்த மூன்று கிழமையும் கட்டித் தள்ளினார்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பத்து நாள் இருக்கையில் மர்சூக் முதலாளியின் கலியாணம். பந்தலில் ஆறு பேருக்கு ஒரு சஹனாகச் சோற்றுத் தட்டுகள் வைக்கப்பட்டிருந்தன. கலந்தர் ஒரு சஹனில் இருந்து ஆட்டிறைச்சித் துண்டில் கை வைத்த நேரம் அம்புறோஸ் வந்தார். அன்பளிப்பாக ஒரு பெரிய அறுக்குளா. அதைக் கொடுத்துவிட்டு அவர் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து கோட்டு விளிம்பைப் பார்த்தார்.

"முதலாளி, கொஞ்சம் அசையாமல் நில்லுங்கோ. இதைப் பிடிச்சது உங்கட கோட்டுத்தான். ஒருக்காக் கிட்டப் பார்க்க ஆசை."

அப்படிச் சொல்லிவிட்டு, தன் தொப்பியில் குத்தியிருந்த பொய்யிரையை எடுத்து விளிம்போடு வைத்துப் பார்த்தார்.

பந்தலில் இருந்தவர்கள் எல்லாரும் விளிம்பைப் பார்த்தார்கள். மர்சூக் முதலாளி தன் முழங்காலைப் பார்த்தார். கடந்த ஒரு மாதமாகத் தான் ஏன் வளர்ந்தார் என்பது அவருக்கு மெல்ல மெல்ல விளங்கியது. கலந்தரோடு ஒரே சஹனில் இருந்த ஐந்து பேரும் கொஞ்சம் தள்ளி இருந்தார்கள். கலந்தரின் வாயில் இருந்த இறைச்சியில் முள் முளைத்துவிட்டது போல இருந்தது. இன்றைக்குத் தகரம் போய்விடும் என்று நினைத்தார்.

முதலாளி பொய்யிரையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். வியாபாரி. துணி தெரியும்.

"இது என்ர துணி இல்லையே. இது பழசு. சரிகை கறுத்துப்போய்க் கிடக்கு."

இப்போது அதிர்ந்தது அம்புறோஸ். "காக்கா, அப்ப மூண்டு கிழமையா நான் கடலில விட்டது ஆரின்ர மாப்பிள்ளை?"

கலந்தர் எழுந்து வந்து பார்த்தார். துண்டின் ஓரத்தில் ஒரு கோணல் தையல். அந்தக் கோணலை உலகத்தில் ஒரே ஒருவர்தான் போட்டிருக்க முடியும். அதுவும் இருபத்தாறு வயதில், தன்னுடைய நிக்காஹுக்கு ஆள் வந்து கூப்பிடும்போது, அவசரத்தில்.

பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னால் இருந்து நசீறாவின் குரல் வந்தது. "அது என்ர மாப்பிள்ளையின்ர கோட்டு. அவர் கடலுக்குப் போற நேரம் நான்தான் வெட்டிப் பெட்டியில போட்டனான்."

"அப்ப என்ர கோட்டுக்கு ஒண்டும் நடக்கேல்லையா?" என்றார் முதலாளி.

"உங்கடதில போனது போனதுதான். இருக்கிறதைக் காப்பாத்தித் தந்திருக்கிறன்."

யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு பந்தலே சிரித்தது. மர்சூக் முதலாளி விளிம்பைக் கீழே இழுத்து விட்டுப் பார்த்தார். அது வரவில்லை.

"நல்ல காலம்," என்றார். "காற்சட்டை தைக்க இவனிட்டக் குடுக்கேல்லை."

அம்புறோஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலை தையற்கடை வாசலில் கூட்டம். நசீறா பாதிக் கதவைத் திறந்து, யோசிக்காமலே, "அஸர் தொழப் போனவர்" என்றார்.

"தங்கச்சி, அஸர் பின்னேரமெல்லோ, இப்ப விடிஞ்சுதான் கிடக்கு," என்றார் முன்னால் நின்ற அம்புறோஸ். அவர் கையில் ஒரு கறுப்புக் கோட்டு. வங்காலைக் கோயிலில் கை பிடித்தபோது போட்டது. அவருக்குப் பின்னால் நின்றவர்களின் கையிலும் கலியாணக் கோட்டுகள், தலைப்பாகைகள். தலைமன்னாரிலிருந்து வந்த ஒருவர் கையில் மனைவியின் கலியாணக் கூறைச் சேலை.

"எந்தக் கலியாணமெண்டாலும் மீன் வரும் எண்டு விளங்கிற்றுது. இதில ஒரு பத்துக் கட்டித் தரச் சொல்லுங்கோ," என்று அம்புறோஸ் தன் கோட்டை நீட்டினார்.

"வீட்டில ஒண்டும் சொல்லேல்லையா?" என்று கேட்டார் நசீறா.

"அவள்தான் தந்துவிட்டவள். இனி இது என்ர வயித்துக்கு ஏறாதாம்."

நசீறா கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். "ஏச வரேல்லையா ஒருத்தரும்?"

"ஒருத்தர் வந்திருக்கிறார்," என்றார் அம்புறோஸ். பின்னால் கச்சேரி எழுதுவினைஞர் நின்றார். நசீறா அவரைக் கணக்கில் எடுக்கவில்லை.

உள்ளே போய், பிஸ்கற் தகரத்தைக் கொண்டுவந்து கலந்தரின் கையில் வைத்தார். கட்டும் பொய்யிரை ஒவ்வொன்றையும் கடலில் விட்டுப் பார்க்காமல் கொடுக்கக்கூடாது, அது தொழில் தர்மம் என்று கலந்தர் உடனே சொன்னார். மத்தியான ளுஹர் தொழுகை வரைக்கும் விட்டுப் பார்க்கலாம் என்று நசீறா அனுமதித்தார். மெஷினுக்கு முன்னால் இருந்த கதிரையை இழுத்துப் போட்டு அவர் உட்கார்ந்தார். அதில் கலந்தர் பிறகு உட்காரவில்லை.

1928ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளைக்குக் கடையில் தைக்கக் கொடுக்கப்பட்ட சட்டைகள் முப்பத்தொன்று. முதல் நாள் அஸருக்கு முன்னதாகவே நசீறா எல்லாவற்றையும் கைகளோடு தைத்துக் கொடுத்து முடித்தார்.