கதவோடு சேர்த்துப் பதிவான பாட்டு

டிராக் பாடுவது என்றால், பெரிய பாடகி வருவதற்கு முன் அவருக்கு வழிகாட்ட யாரோ ஒருத்தி பாடி வைப்பது. பெரிய பாடகி பாடி முடித்ததும் அந்த யாரோ ஒருத்தியை அழித்துவிடுவார்கள். பதிவுக்கூடத்தில் எல்லோரும் ‘டிராக் அக்கா’ என்று கூப்பிடும் அவளுக்கு அதுதான் வேலை. இசையமைப்பாளரின் மனைவி என்பதால் சம்பளம் கிடையாது, சாப்பாடு உண்டு.

அவர் முன்கோபி. ஆனால் தொழில் பக்தி உள்ளவர். முதுகு, தோள், கை என்று எங்கே அடித்தாலும் தொண்டைப் பக்கம் மட்டும் போக மாட்டார். அவளும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போய்ப் பார்த்திருக்கிறாள். பின்னாலேயே ஓடி வந்து அவர் அழுவார். இவள் திரும்பி வந்து அடுப்பைப் பற்றவைப்பாள்.

அன்றைய பாட்டு, அடிக்கிற புருஷனை விட்டுப் போகும் பெண்ணைப் பற்றியது. மெட்டுப் போடும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பெண்களின் வலி தெரிந்த மனுஷன் என்று தயாரிப்பாளர் கையைப் பிடித்துக்கொண்டார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர். இந்தப் பக்கம் மைக் முன்னால் அவள், அந்த வெக்கையிலும் முழுக்கைச் சட்டையில்.

‘போகிறேன், வாசலே வழிவிடு’ என்று பாடினாள்.

“உயிரே இல்ல,” என்றார் ஹெட்போனில். “கடைக்குப் போறவ மாதிரி பாடுற.”

மறுபடி பாடினாள்.

“திரும்பி வந்துடுவேன்னு குரல்லயே தெரியுது. அந்த நெனப்ப விடு.”

மறுபடியும்.

“பயப்படுற. யாருக்குப் பயப்படுற?”

சவுண்ட் என்ஜினியர் தலையைக் குனிந்து, சுத்தமாக இருந்த பொத்தான்களைத் துடைக்க ஆரம்பித்தார்.

வீட்டில் வாயைத் திறக்க விடாத மனுஷன், இங்கே திறக்கச் சொல்லி உயிரை வாங்கினார். திரும்பத் திரும்பப் பாடியதில் வாய்க்குப் பழகிய வரியைக் காலும் நம்பத் தொடங்கியது. அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. போகாமல் இருப்பதை நினைத்தால் இன்னும் பயமாக இருந்தது. கடைசியாக ஒருமுறை பாடினாள். ஹெட்போனைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டினாள். கைப்பையை எடுத்துக்கொண்டு, கனத்த கதவைத் தோளால் தள்ளி வெளியே போனாள். கதவு தடாரென்று மூடியது.

இந்த முறை அவர் பின்னால் ஓடவில்லை. “டேக் ஓகே. அந்தக் கதவுச் சத்தம் பிரமாதம், அத மட்டும் அழிச்சிடாத,” என்று என்ஜினியரிடம் சொல்லிவிட்டு, அவள் டீயோடு வருவாள் என்று காத்திருந்தார்.

பாட்டு பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. கதவு யோசனை எப்படி வந்தது என்று டிவியில் கேட்டார்கள். பெண் மனசைப் புரிந்துகொண்டால் தானாக வரும் என்றார் அவர்.

தன் அக்கா வீட்டில் துணி மடித்தபடி அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரைக்கைச் சட்டை போட்டிருந்தாள்.

“பாட்டு எப்படிடி இருக்கு?” என்றாள் அக்கா.

“பாட்டு சுமார்தான். கதவ நல்லா சாத்தியிருக்கேன்.”