நான் தளர்த்திய ஸ்க்ரூ

எனக்கு இன்னதுக்குத்தான் பயம் என்று கிடையாது. பஸ்ஸில் உட்கார்ந்தால் டயர் வெடிக்குமோ என்று இருக்கும். அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினாலும் தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்து பார்ப்பேன். வூட்டில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன், வேறென்ன செய்ய. ஆனால் இந்தப் பயத்தை வைத்துக்கொண்டு நான் செய்த ஒரு காரியம் இருக்கிறது. அதை வூட்டில்கூடச் சொன்னதில்லை.

ரெண்டாயிரத்துக்குப் பிறகு அஞ்சாறு வருஷம் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் பிரஸ் ஓட்டினேன். கம்பெனி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஷீட் போட்ட கொட்டகை, ரெண்டு பிரஸ், பின்பக்கம் ஒரு சூளை. மீட்டர் பலகையில் மாட்டுகிற வெள்ளை ஃப்யூஸ் கட்டைதான் எங்கள் சரக்கு. லேசாக ஈரம் இருக்கிற களிமண் பவுடரை டை என்கிற இரும்பு அச்சில் கொட்டி பிரஸ்ஸை இறக்கினால், ஒரே அமுக்கில் ஓட்டையும் பள்ளமுமாகக் கட்டை வந்துவிடும். அதைப் பெண்கள் ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, ஓரத்துப் பிசிறை எடுத்துக் காய வைப்பார்கள். பிறகு சூளை.

என் பிரஸ்ஸில் வருகிற சரக்கைத் துடைத்தது ஓர் அக்கா. கம்மாபுரத்துப் பக்கம். இருந்த நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விட்டது. அதோடு அந்த ஊரில் களை வெட்டக்கூடக் கூப்பிட ஆள் இல்லை. இந்த ஸ்பாஞ்சை நம்பித்தான் தினமும் பஸ் ஏறி வந்தார்கள். கட்டையைக் கையில் எடுத்தால் கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடிப்பார்கள். நான் ஒரு நாள் டையைத் திறக்கிற அவசரத்தில் ஒரு கட்டையின் மூலையை உடைத்துவிட்டேன். "ஏம்ப்பா, அதுக்கு வாயி இருந்தா ஒன்ன வையும்" என்றார்கள்.

எங்கள் கொட்டகையில் ஒரு வழக்கம் இருந்தது. துடைத்து முடிக்கிற ஒவ்வொருத்தரும் கட்டையின் அடியில் தன் குறியை ஊசியால் கீறிவிட வேண்டும். ஒருத்தருக்கு ஒரு புள்ளி, ஒருத்தருக்கு ரெண்டு கோடு. இந்த அக்காவுக்குப் பிறை மாதிரி ஒரு வளைவு. சூளையிலிருந்து உடைசல் வந்தால் திருப்பிப் பார்ப்பார்கள், யார் கை என்று தெரிந்துவிடும். பிரஸ் ஓட்டுகிறவனுக்குக் குறி கிடையாது. அமுக்குவது மிஷின்தானே, அதில் ஆள் எங்கே இருக்கிறான் என்று நினைத்திருப்பார்கள்.

பிரஸ்ஸைப் பார்க்க பெண்ணாடத்திலிருந்து ஒரு ஃபிட்டர் வருவார். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர், பாலிடெக்னிக் படித்தவர். ஒரு நாள் நான் அவரிடம் கேட்டேன்: "தம்பி, இந்த மோட்டாரு இத்துனூண்டு இருக்குது. டன்னு கணக்குல எப்பிடி அமுக்குது?"

கேட்டதும் கூச்சமாகிவிட்டது. எட்டாவதோடு நின்றவன் நான். மூணு வருஷமாக அதன் முன்னால் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன், எப்படி என்று தெரியாமல்.

அவர் சிரிக்கவில்லை. அடுத்த தடவை வரும்போது ரெண்டு ஊசிக் குழாய் கொண்டுவந்தார். ஒன்று நமக்குப் போடுவது, ஒன்று மாட்டு டாக்டர் வைத்திருக்கிற தடியானது. ரெண்டையும் சலைன் ட்யூபால் சேர்த்து, உள்ளே காற்று இல்லாமல் தண்ணீர் நிரப்பியிருந்தார். எங்கள் லோடுமேனைக் கூப்பிட்டு மாட்டு ஊசியைக் கொடுத்தார். அவன் ரெண்டு மூட்டையை ஒரே தூக்காகத் தூக்குகிறவன். சின்னது என் கையில்.

"அண்ணே, நீங்க கட்டவெரலால அமுக்குங்க. அவரு அந்தத் தண்டு வெளிய வராம தடுக்கட்டும்."

அமுக்கினேன். லோடுமேன் பல்லைக் கடித்தான். மாட்டு ஊசியின் தண்டு அவன் உள்ளங்கையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது.

"டேய், இட்லி பத்தலியா இன்னிக்கி?" என்று எங்களை மேய்க்கிற மேஸ்திரி கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். லோடுமேன், "ஊசியில மந்திரம் வெச்சிருக்காருங்க" என்றான்.

"மந்திரமும் இல்ல, ஒண்ணுமில்ல" என்றார் ஃபிட்டர். "தண்ணியோ எண்ணெயோ, மூடி வெச்சி ஒரு எடத்துல அமுக்குனா அந்த அமுக்கல் எல்லா எடத்துக்கும் ஒரே அளவாப் போகும். நகத்தளவு எடத்துல ஒரு கிலோன்னா, ஒவ்வொரு நகத்தளவு எடத்துலயும் ஒரு கிலோ. சின்ன ஊசியில ஒரு நகம்தான் இருக்குது. மாட்டு ஊசியில பத்து நகம். அப்ப அங்க பத்து கிலோ. ஆனா ஓசியில கெடைக்காதுண்ணே. நீங்க ஒரு வெரல் நீளம் அமுக்குனீங்க. அது எவ்ளோ நகுந்திச்சி பாருங்க, ஒரு நெல்லு அளவு. தூரத்தைக் குடுத்துத்தான் பலத்தை வாங்குறோம்."

பிரஸ்ஸிலும் அதேதான் என்றார். பம்ப்பு சின்ன ஊசி, மேலே இருக்கிற பெரிய சிலிண்டர் மாட்டு ஊசி. நடுவில் எண்ணெய்.

வாழ்க்கையில் எனக்கு ஒரு பாடம் புரிந்தது அன்றைக்குத்தான். அதோடு விட்டிருக்கலாம். என் புத்தி அப்படி விடாது.

"அப்ப இந்தப் பைப்புலயும் அதே அமுக்கல்தானா?" என்று கேட்டேன். நான் உட்காருகிற இடத்தில் ஒரு ரப்பர் ஹோஸ் என் இடது காதுக்குப் பக்கமாகப் போகும்.

"எங்கயும் அதேதாண்ணே."

அன்றையிலிருந்து அந்தக் காது சும்மா இருக்கவில்லை. ஹோஸின் மூட்டில் எண்ணெய் லேசாகக் கசிந்திருக்கிற மாதிரி தோன்றும். தொட்டால் காய்ந்திருக்கும். ஒவ்வொரு தடவை பிரஸ் இறங்கும்போதும் கழுத்தைச் சாய்த்துக்கொள்வேன். ஃபிட்டரிடம் சொல்லியிருக்கலாம். "பயந்துட்டியா?" என்று மேஸ்திரி கேட்பாரே, அதற்குப் பயம்.

பிரஸ்ஸின் பக்கவாட்டில் ரிலீஃப் வால்வு இருந்தது. அளவுக்கு மேல் அழுத்தம் ஏறினால் எண்ணெயைத் தொட்டிக்கே திருப்பி விட்டுவிடும். அதன் தலையில் ஒரு ஸ்க்ரூ, ஸ்க்ரூவுக்குப் பூட்டு மாதிரி ஒரு நட்டு. ஸ்க்ரூவைத் தளர்த்தினால் கொஞ்ச அழுத்தத்திலேயே திறந்துகொள்ளும். ஒரு நாள் காலையில், மற்றவர்கள் டீ குடிக்கப் போனபோது, நட்டைத் திருப்பி ஸ்க்ரூவைக் கால் சுற்று தளர்த்தினேன். நட்டை மறுபடி இறுக்கிவிட்டேன். மனசு லேசாச்சு. நாலு நாள் கழித்து இன்னொரு கால் சுற்று. அப்புறம் இன்னொன்று.

அழுத்தம் காட்டுகிற கேஜில் முள் நிற்க வேண்டிய இடத்தில் ஃபிட்டர் சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தார். முள் அதற்குக் கீழேதான் நின்றது. கேஜ் கண்ணாடியில் மண் தூசு படியும், தினமும் துணியால் துடைப்பேன். துடைப்பதை நிறுத்திவிட்டேன்.

அவர் கற்றுக்கொடுத்த கணக்கு இறங்கும்போதும் அதேதானே. கேஜில் ஒரு கோடு இறங்கினால் டை மேல் விழுகிற பாரம் மூட்டை மூட்டையாகக் குறையும். எனக்கு அது தெரியாது என்று சொல்ல முடியாது. மாட்டு ஊசியை ஜெயித்தது என் விரல்தானே.

கட்டைகள் பார்க்க முன்போலவே இருந்தன. உள்ளே கெட்டிப்படவில்லை. அக்கா ஸ்பாஞ்சு வைத்தால் ஓட்டை ஓரம் உதிர்ந்தது. சூளையில் கட்டைகள் அளவுக்கு மேல் சுருங்கின. பித்தளைப் பாகம் உள்ளே உட்காரவில்லை, ஓரமெல்லாம் விரிசல். வாங்குகிற இடத்திலிருந்து சரக்கு திரும்பி வந்தது.

ஓனர் வந்தார். மேஜை மேல் உடைசலைக் கொட்டி ஒவ்வொன்றாகத் திருப்பினார்கள். பிறை, பிறை, பிறை. சுற்றிலும் பத்துப் பேர் நின்றோம்.

"தண்ணிய ஊத்தித் தேச்சிருக்குது சார்" என்றார் மேஸ்திரி. அக்கா பக்கம் திரும்பி, "இது கட்டையா, எருமையா? குளுப்பாட்டுறியே!"

"நான் எப்பவும் போலத்தாங்க தொடைக்கிறேன். கட்டதான் பிஸ்கட்டு மாரி உதிருது." அக்கா என்னைப் பார்த்தார்கள். "நீ சொல்லுப்பா. அமுக்கறது நீதான. முன்ன மாரியா இருக்குது?"

ஹோஸ் என் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"மிஷினு நல்லாத்தாங்க்கா ஓடுது" என்றேன்.

அவ்வளவுதான் நான் பேசியது. அக்காவை அன்றைக்கே ஸ்பாஞ்சு மேஜையிலிருந்து எழுப்பி, வெளியே வெயிலில் உடைசல் பொறுக்க விட்டார்கள். ஒரு வாரம் பொறுக்கினார்கள். அப்புறம் வரவில்லை.

அந்த வாரத்திலேயே நான் ஸ்க்ரூவைப் பழையபடி இறுக்கிவிட்டேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். ஒரு புதுப் பெண் துடைக்க வந்தாள். சரக்கு கல் மாதிரி வந்தது, சூளையில் ஒன்றுகூட விரியவில்லை. மேஸ்திரி எல்லோரிடமும் சொன்னார்: "பாத்தீங்களா? கையி மாறுச்சி, சரக்கு சரியாச்சி." நான் சரி செய்ததே அக்கா மேல் கடைசி ஆணியாக இறங்கியது.

ஏழெட்டு மாதம் கழித்து கம்மாபுரம் பஸ்ஸில் அக்காவைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி முன்னால் நகரப் பார்த்தேன். அவர்கள்தான் கூப்பிட்டு இடம் விட்டார்கள். பெண்ணாடம் பக்கம் கரும்பு வெட்டப் போவதாகச் சொன்னார்கள். கையெல்லாம் கரும்புச் சோகை கிழித்த கோடு.

"இப்ப ஒடையாம வருதா?" என்று கேட்டார்கள்.

"வருதுக்கா."

"அப்ப என் கையிதான் போலருக்குது" என்று கையைத் திருப்பிப் பார்த்தார்கள். "வூட்டுல ஒரு டம்ளரு வுழுந்தாக்கூட ஏம்மவ, 'கம்பெனியில ஒடச்ச கையாச்சே'ங்குறா. வெளையாட்டுக்குத்தான். ஆனா இப்பல்லாம் புள்ளையத் தூக்குறதுக்கே யோசனையா இருக்குதுப்பா. மக வவுத்துப் புள்ள, பச்ச மண்ணு."

கோழிக்குஞ்சைப் பிடிக்கிற கை அது. என் பயத்தை எடுத்து அதில் வைத்துவிட்டேன்.

"அக்கா, ஒங்க கையி இல்லக்கா" என்றேன். ஸ்க்ரூவைச் சொன்னேன், கேஜைச் சொன்னேன். எவ்வளவு மெதுவாகச் சொன்னேன் என்றால், பஸ் இரைச்சலில் அவர்கள் ரெண்டு தடவை "என்னா?" என்று கேட்க வேண்டியிருந்தது.

கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். இறங்கும்போதுதான் பேசினார்கள்.

"இத ஏன் பஸ்ஸுல வெச்சி சொல்ற? அன்னிக்கிப் பத்து பேரு நின்னாங்களே, அங்க சொல்லணும். நாளைக்கிப் போயி சொல்லு. வேலைக்கி வர்றதுக்கில்ல. ஏம்பேரு அங்க கெடக்குது பாரு, அதுக்கு."

"சொல்றேங்க்கா."

மறுநாள் சீக்கிரமே போனேன். முதல் வேலையாகக் கேஜ் கண்ணாடியைத் துடைத்தேன். மாதக்கணக்கில் படிந்த மண், சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. மிஷினை ஓட்டிப் பார்த்தேன். முள் சிவப்புக் கோட்டின் மேல் வந்து நின்றது. எல்லோரும் வந்து சேர்ந்ததும் எழுந்து நின்றேன். மேஸ்திரி நேராக என்னிடம் வந்தார்.

"என்னாது, கண்ணாடியெல்லாம் பளபளன்னு இருக்குது?"

"தூசா இருந்திச்சிண்ணே" என்றேன். "தொடச்சேன்."

அவர் புதுப் பெண்ணைப் பார்த்து, "பாத்துக்க, தொடைக்கிறதுன்னா இப்பிடித் தொடைக்கணும். அந்தக் கம்மாபுரத்தம்மா மாரி குளுப்பாட்டக் கூடாது" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.