அவர் காது என் கையில் இருந்தது

பொங்கல் லீவுக்கு மகளும் மருமகனும் எங்களை நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குக் கூட்டிப்போனார்கள். தோப்புக்குள் வீடு கட்டி வாடகைக்கு விடுகிறார்கள். கயிற்றுக் கட்டிலில் படுக்க டவுன்காரர்கள் காசு கொடுத்து வருகிறார்கள். நான் பாதி வயது அதில்தான் படுத்தேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. மருமகன் முன்னால் எனக்குப் பேச்சு வராது.

அங்கே சைக்கிளும் வாடகைக்கு உண்டு. மறுநாள் மகளும் மருமகனும் காரில் கோயிலுக்குப் போன பிறகு, என் வீட்டுக்காரர் ஒரு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கியர் வைத்தது. பெல்லும் இல்லை, கேரியரும் இல்லை.

அவர் ரிக் லாரியில் ஊர் ஊராகப் போய் போர்க்கிணறு போட்டவர். அந்தச் சத்தத்தில் இரண்டு காதும் போய்விட்டது. காதுக்குள் மிஷின் வைத்தால்தான் கேட்கும். அதைக் கழற்றி என் கையில் வைத்தார்.

“குலுக்கல்ல உழுந்துருச்சுன்னா தேட முடியாது. வெச்சிரு புள்ள.”

“வேண்டாமுங்க” என்றேன். கேட்டால்தானே.

சைக்கிள் வாடகைக்கு விடுகிறவர் சொன்னார்: “பெரியவரே, வேப்பமரத்துல ரோடு ரெண்டாப் பிரியும். சோத்தாங்கைப் பக்கம் வாய்க்கா ரோடு, அதுல போங்க. பீச்சாங்கைப் பக்கம் போயிராதீங்க, ஜல்லி லாரி பறக்கும்.”

இவர் நன்றாகத் தலையாட்டினார். காதில் விழாதபோதெல்லாம் அப்படித்தான் ஆட்டுவார். அது எனக்கு மட்டும்தான் தெரியும். வேற்று ஆளிடம் எப்படிச் சொல்வது என்று நான் முந்தானையை இழுத்துப் போர்த்தி வாயெடுப்பதற்குள் மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

பின்னாலேயே நடந்தேன். ரோட்டோர மரவள்ளிக் காட்டில் பெண்கள் குச்சிக்கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். கிழங்கு ஏற்ற ஒரு டிராக்டர் நின்றது. தூரத்தில் வேப்பமரத்தடியில் அவர் ஒரு காலை ஊன்றி, இரண்டு பக்கமும் பார்த்தார்.

“ஏனுங்க!” என்று கத்தினேன்.

காட்டில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். டிராக்டர்காரர் திரும்பினார், ஆடு மேய்க்கிறவர் திரும்பினார். அவர் மட்டும் திரும்பவில்லை.

“என்னுங்க ஆத்தா?” என்றாள் ஒருத்தி.

“உங்களை இல்லீங்க. அவங்களை.”

“அவங்கன்னா ஆரு? ஓ, ஊட்டுக்காரரா! பேரைச் சொல்லிக் கூப்புடுங்க. ஏனுங்கன்னா இந்த ஊரு ஆம்பளை அத்தனை பேரும் வந்து நிப்பாங்க!”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் பீச்சாங்கைப் பக்கம் திரும்பினார். எதிரே புழுதி கிளம்பி வந்தது.

நான் பெயரைச் சொல்லிக் கத்தினேன். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து ஒரு தரம்கூடச் சொன்னதில்லை. யாரோ கத்துகிற மாதிரி இருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. லாரி ஆரன் அடித்துக்கொண்டே வந்தது. புழுதியில் ஒன்றும் தெரியவில்லை. டிராக்டர்காரர் குதித்து ஓடினார். மூடின கைக்குள் மிஷின் மட்டும் கீ என்று கத்திக்கொண்டிருந்தது.

புழுதி அடங்கினபோது அவர் ரோட்டை விட்டு இறங்கி, கிழங்குச் செடிக்குள் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். டிராக்டர்காரர் கூடவே வர, தள்ளிக்கொண்டு வந்தார்.

“செயின் கழண்டுக்கிச்சு புள்ள, அதான் ஓரமா எறங்குனேன். காத்து அடிச்சப்பறந்தான் லாரின்னே தெரிஞ்சுது.”

மிஷினை அவர் காதில் வைத்தேன்.

“பெரியவரே, ஆத்தா உங்க பேரைச் சொல்லிக் கூப்புட்டாங்க, கேட்டுச்சுங்களா?” என்றாள் அந்தப் பெண்.

அவர் என்னைப் பார்த்தார். “இவளா? பொய் சொல்லாதீங்க அம்மிணி” என்று சிரித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கும்போது, “நாளைக்குக் காத்தால இதே வண்டி வேணுமுங்க. செயினை மட்டும் பாத்து வெச்சிருங்க” என்றார்.

“வேண்டாமுங்க” என்றேன். மிஷின் காதில்தான் இருந்தது.

நன்றாகத் தலையாட்டினார்.