நானே வந்து கேட்டாலும்

கொடுத்துவிட்டால் மறந்துவிட வேண்டும் என்பார்கள். நான் மறக்க மாட்டேன். பழைய சேலைகளை நான்கு மடிப்பாக அடுக்கி, விரல் புண்ணாகும்வரை ஊசி குத்தி, ஒரு மாதம் உட்கார்ந்து தைத்தவள் நான். கொடுத்த போர்வை அந்த வீட்டில் எப்படிக் கிடக்கிறது என்று போய்ப் பார்ப்பேன். "இவ என்ன இன்ஸ்பெக்டரா?" என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மார்கழி மாதம். என் வீட்டுக்காரரின் அக்காவை நான் நங்கை என்று கூப்பிடுவேன். சரவணம்பட்டியில் தோட்டமும் கிணறுமாக வசதியாக இருந்தார். அவருடைய மகளுக்குத் தலைப்பிரசவம் என்றதும் ஒரு போர்வை தைத்துக் கொடுத்திருந்தேன். பிறகு பிள்ளையைப் பார்க்கக் கோயமுத்தூரிலிருந்து பஸ் ஏறிப் போனேன். தோட்டத்து வழியில் பண்ணையாள் குடியிருந்த சாளை, சின்னக் குடிசை. அதன் வேலிமேல் என் போர்வை காய்ந்துகொண்டிருந்தது.

கோபத்தோடு விறுவிறுவென்று நங்கை வீட்டுக்கு நடந்தேன். பிள்ளையைக்கூடப் பார்க்கவில்லை, வாசலிலேயே நங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க நங்கை, நான் குடுத்தது உங்க பேரனுக்கா, வேலிக்கா?"

"பழஞ்சேலையில தெச்சது அம்மணி. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க பாத்தா என்ன நெனப்பாங்க? சாளையில இருக்கறவளும் பெத்திருக்கறா, அவகிட்ட குடுத்துப்போட்டேன்" என்றார்.

"பொறந்த புள்ளைக்குப் பழந்துணிதானுங்க ஆகும்! அதுகூடத் தெரியாதுங்களா?"

என் சத்தம் தோட்டம் முழுக்கக் கேட்டிருக்கும். நங்கைக்கு முகம் கறுத்துவிட்டது. உடனே ஓர் ஆளைச் சாளைக்கு ஓடவிட்டார். அந்த ஆள் வேலியிலிருந்து உருவிக்கொண்டு வந்து போர்வையை என் கையில் போட்டார்.

இன்னும் ஈரமாக இருந்தது. பால் வாசமும் மூத்திர வாசமும் அடித்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதுவரை அந்தச் சாளைப் பிள்ளை என் நினைவிலேயே இல்லை. மார்கழிக் குளிரில் அது போர்த்தியிருந்ததை, வாய்ச்சண்டை போட்டு நான்தான் பிடுங்கியிருக்கிறேன். என்னை நினைத்து எனக்கே கேவலமாக இருந்தது. போர்வையோடு சாளைப் பக்கம் திரும்பினேன்.

"அத அவகிட்டத் திருப்பிக் குடுத்தீன்னா, என்ர ஊட்டு வாசல மிதிக்காத" என்றார் நங்கை.

"மிதிக்கலீங்க" என்றேன். இன்றுவரை மிதிக்கவில்லை.

சாளை வாசலில் அந்தப் பெண் பிள்ளையை முந்தானையில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். போர்வையை நீட்டினேன். அவள் கை நீட்டவில்லை.

"குடுக்கறதும் புடுங்கறதும் உங்க வேலைங்களா அம்மணி? நாளைக்கு இன்னொருத்தரு வருவாங்க. எம்புள்ளைக்கு வேண்டாமுங்க."

அதற்குமுன் யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை.

நங்கை வீட்டு வாசலில் எல்லோரும் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன்.

"இது உன்னுது கண்ணு. ஆரு வந்து கேட்டாலும் குடுக்காத. நானே வந்து கேட்டாலும் குடுக்காத."

வாங்கிக்கொண்டாள். பிள்ளையைச் சுற்றி முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை நம்பியதாகத் தெரியவில்லை.